சரவணம்பட்டி, திருப்பூர் வாடகை கட்டுபடி ஆகாம வெளிய போனவங்க அனுபவம் சொல்லுங்க

நாங்க சரவணம்பட்டில ஒத்த பெட்ரூம் வீட்டுல இருந்தோமுங்க, வாடகை 12,000, வருசா வருசம் ஏத்திட்டே இருந்தாங்க. அந்த ஏரியா 2011ல தான் கோவை மாநகராட்சியோட சேந்துச்சு, அப்ப தான் 72 வார்டு 100 ஆச்சு, சோளக்காடா கெடந்த எடமெல்லாம் ஐடி கம்பெனி வந்ததும் ஹாஸ்டலும் அபார்ட்மெண்டுமா ஆயிருச்சு, நம்மள மாதிரி மில்லு, ஒர்க்‌ஷாப் சம்பளக்காரங்க எங்கீங்க தாக்குப் புடிக்கறது? பாப்பா ஸ்கூல் மாறுற நேரம் பாத்து சத்தி ரோட்டுலயே அன்னூருக்கு வந்துட்டோம். ரெண்டு பெட்ரூம், முன்னாடி வாசல், 7,000 தான்.

சாமான் எறக்கறப்பவே ஓனர் அம்மா வந்து, "ஏஞ்சாமி, நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா தான் வரும், ட்ரம் வாங்கி வெச்சுக்க, போர் தண்ணி உப்பு, பருப்பு வேகாது கண்ணு"ன்னு சொல்லிட்டு அவங்க வீட்டுல இருந்து ரெண்டு கொடம் கொண்டாந்து வெச்சாங்க. நெசமாவே அதுல பருப்பு வேகாதுங்க, மணிக்கணக்கா அடுப்புல கெடந்தாலும் கல்லு மாதிரியே நிக்கும். தலைமுறையா கேட்ட அத்திக்கடவு அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, ஆனா அது கொளத்துக்கு தானுங்க, கொழாய்க்கு இல்ல. வீடு பாக்கறவங்க மொதல்ல தண்ணிய கேளுங்க, அப்பறம் அட்வான்ஸ் பேசுங்க. பெட்ரோல் செலவு போக மாசம் மூவாயிரம் மிச்சம், அத சீட்டுக்கு கட்டறேன்.

*

அக்கா சொல்றது சரி. நான் தேனிப் பக்கத்துல இருந்து திருப்பூருக்கு ஓவர்லாக் தைக்க வந்தவன். 2011 கணக்கெடுப்புலயே திருப்பூர் மாவட்டம் 24 லட்சம் தாண்டிருச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு ஜனம் வந்துச்சுன்னு எங்க லைன் வீட்டு பாத்ரூம் கியூவ பாத்தாலே தெரியும், ஒடிசா, பீகார்னு எல்லாரும் பக்கெட்டோட விடியக்காலைலயே நிப்போம். கல்யாணம் ஆனதும் ஊத்துக்குளி போயிட்டேன். வாடகை பாதி, தனி பாத்ரூம், வீட்டம்மா நிம்மதியா இருக்கா, எனக்கு அது போதும்ணே.

கஷ்டம் எங்கன்னா ஒன்றரை ஷிப்ட்டு முடிஞ்சு வர்றப்ப தான். கம்பெனி வேன் வந்தா சரி, வராட்டி பஸ்ஸுக்கு நின்னு வீடு சேர பிள்ள தூங்கிருது.

*

ஊத்துக்குளில பாக்கறவங்க ஆர்.எஸ்., அதாவது ரயில்வே ஸ்டேசன் பக்கமே பாருங்க, ஊருக்கும் ஸ்டேசனுக்கும் தூரம் இருக்குதுங்க. நான் பாசஞ்சர்ல தான் திருப்பூர் போய்ட்டு வர்றேன், சீசன் டிக்கெட் எடுத்துட்டா பஸ் காசுல பாதி கூட ஆகறதில்ல.