குளிருக்கு முன் பழைய பஸ்ஸுக்கு பெயின்ட் அடித்துவிட முடியுமா?

பஸ்வீடு:
10 மீட்டர் நீளமுள்ள பழைய பஸ் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். உள்வேலை பாதி முடிந்தது, வெளியேதான் கண்றாவி. பக்கத் தகட்டில் கை வைத்தால் பெயின்ட் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்கிறது, கூரையோர ரிவெட் வரிசை முழுக்கத் துரு, பின்சக்கரத்துக்கு மேலே விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்கிறது. கொட்டகை இல்லை, வெட்டவெளிதான். பகலில் 15 டிகிரி, ராத்திரி 5. இப்போதைக்கு பிரைமர் மட்டும் அடித்துவிட்டு மீதியைக் குளிர் போனதும் பார்க்கலாமா? ரோலர் போதுமா, ஸ்பிரே வேண்டுமா?

ரோலர்ராசா:
சாதாரண பிரைமரை நம்பிக் குளிர்காலத்தைத் தாண்ட நினைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும். என் வேனில் அப்படித்தான் விட்டுவைத்தேன், குளிர் முடிந்து சுரண்டினால் சாம்பல் நிறத்துக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எப்பாக்சி பிரைமர் என்றால் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் பெரும்பாலானவை 10 டிகிரிக்குக் கீழே போனால் சரியாக இறுகாது, டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிடுங்கள்.

வெட்டவெளிக்கு ரோலர்தான். ஸ்பிரே அடித்தால் பாதி காற்றோடு போகும், மீதியில் பூச்சி ஒட்டும். அதிலும் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கிற 2கே பெயின்ட்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கும், துணி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை அது. எனாமலைக் கொஞ்சம் தின்னர் விட்டு நுரை ரோலரால் மெல்லிசாக இழுத்து, காய்வதற்குள் நல்ல பிரஷ் நுனியால் ஒரு தடவை நீவிவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

பனித்துளி:
நேரம்தான் முக்கியம். காலையில் தகடு வியர்த்திருக்கும், உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தகட்டின் சூடு பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருந்தால்தான் பெயின்ட்டைத் திறக்கலாம். மதியம் 2 மணிக்கு மேல் தொடாதீர்கள். சாயங்காலப் பனி ஈர எனாமலில் இறங்கினால் பளபளப்பு செத்து வெளுத்துப்போகும், திரும்ப உப்புத்தாள் பிடிக்க வேண்டியதுதான்.

டிங்கர்:
மொறுமொறு என்கிற இடம் பெயின்ட் வேலையே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் வெட்டி வேறு தகடு வெல்டிங் வைக்க வேண்டும். பட்டி பூசி மறைத்தால் ஈரம் பின்பக்கத்திலிருந்து வரும். கூரை இடுக்குகளுக்கு சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் நிற்காது. பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் தொட்டே தேய்க்கவும்.

என்னைக் கேட்டால் கூரையும் துருப் பிடித்த இடங்களும் மட்டும் இந்த வருஷம். சுண்ணாம்பாகக் கொட்டுகிற பக்கங்கள் அசிங்கமாக இருக்கிறதே தவிர, அடியில் இரும்பு நன்றாகத்தான் இருக்கும்.

பஸ்வீடு:
குத்திப் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவர் பிடி வரை போய்விட்டது. சரி, வெல்டிங், கூரை, ரிவெட் வரிசை, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கங்களுக்கு மெழுகாவது போட்டு வைக்கவா?

டிங்கர்:
வேண்டாம். அடுத்த வருஷம் பெயின்ட் அடிக்கும் முன் அதையெல்லாம் நீங்கள்தான் துடைத்து எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு அப்படியே விடுங்கள்.