பாசி பிடித்த சிமெண்ட் பாதை, ஓரமெல்லாம் புல்: அவசரம்

குன்னூர்க்காரன்:
புதிதாகக் குடிவந்த வாடகை வீடு. பின்பக்கம் போகும் சிமெண்ட் பாதை முழுக்கப் பச்சைப் பாசி. நேற்று அம்மா வழுக்கி விழப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்க்க ஏஜென்ட் வருகிறார். இரு பக்கமும் புல்தரை. பிளீச், வினிகர் இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன், சேர்த்து ஊற்றலாமா?

கோத்தகிரி அக்கா, டொராண்டோ:
எந்த நாடு என்று சொல்லவில்லையே தம்பி. எங்களுக்கு முதல் குளிர்காலத்தில் பாசி எங்கே, பாதையெல்லாம் பனிக்கட்டி. உப்புக் கொட்டிக் கொட்டிக் கை மரத்துவிட்டது. பனி உருகியதும் பார்த்தால் ஓரத்துப் புல் பூரா செத்திருந்தது. உப்பு மட்டும் வேண்டாம்.

ஊட்டி, லண்டன்:
தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுங்கள். சட்டென்று முடியும்.

கொடைக்கானல், சிட்னி:
கிட்ட வைத்து அடித்தால் மேல்பூச்சு பெயர்ந்து ஜல்லி தெரியும். ஊரில் செய்கிற மாதிரி பிளீச்சிங் பவுடர் தூவித் தேயுங்கள்.

கோத்தகிரி அக்கா:
ஊரில் படியோரப் புல் கருகினால் யார் கேட்டார்கள்? கிக்குயூ புல், மழை பெய்தால் தானே படர்ந்துவிடும்.

ஊட்டி, லண்டன்:
இங்கே புல்லுக்கும் கணக்குக் கேட்பார்கள். வாடகையும் கொடுத்து, சொந்த வாசலில் பயந்து பயந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கொடைக்கானல், சிட்னி:
உண்மை. என் முதல் வீட்டில் சுவரில் ஆணி அடித்ததற்கு முன்பணத்தில் பிடித்தார்கள்.

குன்னூரிலிருந்து, தோட்ட வேலை:
தம்பி கேட்டதற்கு வருவோம். பிளீச்சையும் வினிகரையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். தனித்தனியாக ஊற்றினாலும் இரண்டுமே புல்லைக் கருக்கும். எந்த ஊர்?

குன்னூர்க்காரன்:
மெல்போர்ன், அண்ணா. பாதை வீட்டின் தெற்குப் பக்கம், வெயிலே விழாது.

குன்னூரிலிருந்து, தோட்ட வேலை:
அங்கே ஜூலை குளிர்காலம், வெயில் வடக்கிலிருந்து விழும்; தெற்குப் பக்கம் காயவே காயாது, நம் ஊர் ஐப்பசி மழைக்காலம் மாதிரிதான். முதலில் பாசியைச் சுரண்டி வாரிக் குப்பையில் போடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் ஓரப் புல்லை நன்றாக நனையுங்கள். வேர் வரை தண்ணீர் இறங்கியிருந்தால், சிந்துகிற மருந்து நீர்த்துப்போகும். சோடியம் பெர்கார்பனேட் (துணிக் கறை நீக்கப் பயன்படுவது) பொடியை வெந்நீரில் கரைத்துப் பாதையில் மட்டும் ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், உதிரும் துணுக்கு துருப்பிடித்துக் கறையாகும். இரும்பு சல்பேட் கலந்த பாசி மருந்தும் சிமெண்டில் துருக்கறை போடும். அழுக்குத் தண்ணீரை மாப்பால் ஒற்றி வாளியில் பிழிந்து, துணி துவைக்கும் தொட்டியில் கொட்டுங்கள். தெரு மழைநீர் வடிகால் ஓடைக்கும் கடலுக்கும் போகிறது, அதில் விடாதீர்கள். கடைசியில் புல்லுக்கு இன்னொரு முறை தண்ணீர்.

கொடைக்கானல், சிட்னி:
குடிவந்தபோது வீடு இருந்த நிலையை எழுதும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் பாசி பற்றி இருக்கிறதா பாருங்கள். தேய்க்கும் முன்னால் போட்டோ எடுங்கள்.

குன்னூர்க்காரன்:
ரிப்போர்ட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கொடைக்கானல், சிட்னி:
அப்படியானால் இன்றைக்கே எழுதி, போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள். கெடு குறைவு.