கலைச்சொல்: ட்ரெமலோ பிரிட்ஜ் – ஆடுகுதிரையா, அசைகுதிரையா?

மார்த்தாண்டத்திலிருந்து:

அன்பர்களே, களியக்காவிளை, பாறசாலை பக்கம் சர்ச் குவயரில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்காக இரண்டு பக்கச் செய்முறைத் தாள் ஒன்று தயாராகிறது. ட்ரெமலோ பிரிட்ஜ் என்றால் தந்திகள் உட்காரும் பக்கத்தில், கைப்பிடியை அழுத்திச் சுருதியை மாற்றும் கருவி. அதில் எந்த வகை வாங்குவது, வாங்கியபின் எப்படிச் செட் பண்ணுவது, அவ்வளவுதான். இவர்களில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பேச்சில் ‘ட்ரெமலோ’, ‘ஆம்’ (அந்தக் கைப்பிடி), ‘ஃபிளாய்ட்’ (ஃபிளாய்ட் ரோஸ் என்ற வகை) என்று ஓட்டிவிடுகிறார்கள். தாளில் வகைகளைப் பிரித்துச் சொல்லும்போதுதான் சொல் இடிக்கிறது. வரைவில் ‘நடுக்கப் பாலம்’ என்று போட்டிருந்தோம், யாருக்கும் பிடிக்கவில்லை. ‘ஆடுகுதிரை’ எப்படி?

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, பாலத்தை விட்டது நல்லது. வீணையில் தந்தி ஏறி உட்காரும் உறுப்புக்குக் குதிரை என்ற பெயர் இருக்க, ஆற்றின் மேல் கட்டுவதை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

‘நடுக்க’மும் கூடாது. ட்ரெமலோ என்றால் ஒலியளவு ஏறி இறங்குவது, விப்ராட்டோ என்றால் சுருதி ஏறி இறங்குவது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) கிட்டார் வந்தபோது, சுருதியை மாற்றும் இந்தக் கருவிக்கு ஃபெண்டர் கம்பெனிக்காரர்கள் ‘ட்ரெமலோ’ என்று பேர் வைத்துவிட்டார்கள். 1956இல் கிடைத்த காப்புரிமையிலும் அதே பேர். அதே கம்பெனியின் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ‘விப்ராட்டோ’ என்று எழுதியிருக்கும் சானலோ ஒலியளவைத்தான் ஆட்டும். இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. அந்தக் குழப்பத்தை நாம் மொழிபெயர்த்துத் தமிழுக்குக் கொடுக்க வேண்டாம். சுருதியை அசைக்கும் கமகத்தின் பெயரில் ‘கம்பிதக் குதிரை’ என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் மறுத்துவிடுகிறேன். ஆம் கைப்பிடியை அழுத்திச் சுருதியை ஒரேயடியாக அடிமட்டத்துக்கு இறக்குவதும் இந்தக் கருவியின் வேலைதான். அது கமகத்தில் சேராது.

ஆடுகுதிரை வினைத்தொகை, இலக்கணம் சரி. ஆனால் படிக்கிறவன் ஆடும் குதிரையும் என்று உம்மைத்தொகையாகப் பிரித்தால் சந்தைக்குத்தான் போவான். அசைகுதிரை என்று வையுங்கள். அசையாததற்கு நிலைக்குதிரை.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன அசைகுதிரை ஸ்ட்ராட் வகைக்கும் ஃபிளாய்ட் ரோஸுக்கும் பொருந்தும். பிக்ஸ்பி என்ற வகைக்குப் பொருந்தாது. பிக்ஸ்பியில் குதிரை தனியாக நிற்கிறது. ஆம் கைப்பிடியை அழுத்தினால் சுழல்வது, தந்திகளின் கடைசி முனை மாட்டியிருக்கும் உருளைக் கம்பி. வீணையில் அந்த இடத்துக்கு நாகபாசம் என்று பேர். ஆக அசைவது நாகபாசம், குதிரை இல்லை. 1958இல் வந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரிலும் ஆம் இருப்பது பின்னால் தனித்தகட்டில்தான். குதிரை அதன் இழுப்புக்கு முன்னும் பின்னும் லேசாகச் சாய்ந்துகொடுக்கும், அவ்வளவே.

இதைப் பிரித்துச் சொல்வது வெறும் சொல்லாசை இல்லை. சுருதி எங்கே கெடுகிறது என்பது இதில்தான் இருக்கிறது. அசைகுதிரையில் தந்தியும், குதிரையில் அதைத் தாங்கும் சேடிலும் சேர்ந்தே நகரும், அதனால் சேடிலில் உரசல் குறைவு. தந்தி சிக்குவது பெரும்பாலும் கழுத்தின் முனையில் தந்தி ஏறிச் செல்லும் நட்டின் பள்ளத்திலும், தலைப்பக்கம் தந்தியை அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கியிலும். அசை நாகபாசத்தில் தந்தி சேடிலின் மேல் முன்னும் பின்னும் வழுக்கியாக வேண்டும். சேடில் பள்ளம் கூராக இருந்தால் தந்தி அங்கே மாட்டிக்கொள்ளும், ஆம் கைப்பிடியை விட்டபின் சுருதி பழைய இடத்துக்கு வராது. பிக்ஸ்பி போடுகிறவர்கள் உருளைச் சேடில் குதிரை தேடுவது இதனால்தான். பி7 மாதிரியில் தந்தியைக் கீழே அழுத்த இன்னொரு உருளையும் உண்டு. உரசும் இடம் அங்கே ஒன்று கூடுகிறது.

பிக்ஸ்பிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பி5, பி7 இரண்டும் உடலின் மேலேயே திருகி உட்காரும். ஸ்ட்ராட் வகைபோல முதுகில் ஸ்பிரிங்குகளுக்குக் குழி தோண்ட வேண்டாம். சுருதி அரை ஸ்வரத்திலிருந்து ஒரு ஸ்வரம் வரை அசையும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. தந்தி மாற்றும்போது அதன் உருண்டை முனை உருளையிலுள்ள ஊசியிலிருந்து கழன்று கழன்று விழும். முனைப் பக்கத்தைப் பென்சிலில் சுற்றி வளைத்துவிட்டு மாட்டினால் நிற்கும்.

ஆகவே என் பரிந்துரை: பொதுப்பெயர் ‘சுருதியசைவி’. அதன் கீழே குதிரை அசைந்தால் அசைகுதிரை, வால்பக்கம் அசைந்தால் அசைபாசம்.

பாலக்காட்டிலிருந்து:

சுருதியசைவிக்கு என் ஓட்டு. ஆனால் அசைகுதிரைக்குள்ளேயே இரண்டு நிலை இருக்கிறதே? குதிரையின் அடித்தகடு உடலில் படிந்திருப்பது ஒன்று, அந்தரத்தில் நிற்பது இன்னொன்று. இரண்டாவதை ‘மிதக்கும் குதிரை’ என்பதைவிடத் துலாக்குதிரை என்பது பொருத்தம். ஒரு தட்டில் தந்திகளின் இழுப்பு, மறுதட்டில் ஸ்பிரிங்குகளின் இழுப்பு, நடுவில் தகடு ஊன்றிச் சாயும் கத்திமுனை, தராசேதான். நட்டிலிருந்து குதிரைவரை தந்தி 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரில் வழக்கமான சுருதியில் 9–42 தந்திக்கட்டின் (மெல்லிய, தடித்த தந்திகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில்) மொத்த இழுப்பு ஏறத்தாழ 39 கிலோ, 10–46 கட்டுக்கு 47 கிலோ. தந்திக்கட்டை மாற்றினால் ஒரு தட்டில் 8 கிலோ ஏறிவிடுகிறது. தகட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை மாற்றிச் சமன் செய்யாமல் சுருதி மட்டும் கூட்டிக்கொண்டே போனால் விடியும்வரை கூட்டலாம்.

துலா என்று சொன்னால் மற்றவையும் தானே விளங்கும். ஒரு தந்தியை விரலால் தள்ளி வளைத்தால் மற்ற ஐந்தும் இறங்கும். உள்ளங்கையைத் தகட்டில் ஊன்றினால் எல்லாம் ஏறும். ஒரு தந்தி அறுந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், மிச்சம் ஐந்தும் சுருதி ஏறிப் பாட்டையே நிறுத்தவைக்கும். ஆறாவது தந்தியை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கி அடுத்த பாட்டுக்கு வாசிப்பதும் நடக்காது.

தாளில் சேர்க்க, தந்தியை நட்டிலும் சேடிலிலும் பூட்டும் துலாக்குதிரைக்கு, அதாவது ஃபிளாய்ட் ரோஸுக்கு, தந்தி மாற்றும் முறை:

தந்திகளை மொத்தமாகக் கழற்றாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அல்லது முதுகுக் குழியில் ஸ்பிரிங் மாட்டும் பிளாக்குக்கும் மரத்துக்கும் நடுவே அளவான மரத்துண்டு செருகித் தகட்டைச் சமமாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள். உருண்டை முனையை வெட்டிவிட்டுத் தந்தியைச் சேடிலுக்குள் நுழைத்து 3 மி.மீ. ஆலன் கீயால் இறுக்க வேண்டும். பிடித்ததும் நிறுத்துங்கள், பலம் காட்டினால் உள்ளே இருக்கும் சிறு அழுத்துகட்டை வெடிக்கும். பூட்டியபின் சுருதியைச் சிறிதாகத் திருத்தும் நுண்திருகிகளை நடுவில் வையுங்கள். தந்தியை இழுத்து இழுத்துத் தளர்வை எடுத்துச் சுருதி கூட்டியபின் மரத்துண்டை எடுங்கள். தகட்டின் பின்பக்கம் தூக்கியிருந்தால் முதுகில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கிளாவின் இரண்டு ஸ்குருக்களையும் அரைச்சுற்று உள்ளே, அமுங்கியிருந்தால் அரைச்சுற்று வெளியே. மறுபடி சுருதி, மறுபடி பார்வை. 6, 1, 5, 2, 4, 3 என்று வெளியிலிருந்து உள்ளே கூட்டினால் சீக்கிரம் நிலைக்கும். தகடு உடலுக்கு இணையாக நின்றபிறகுதான் நட் பூட்டு. முதலிலேயே பூட்டிவிட்டு நுண்திருகியோடு மல்லுக்கட்டுவதுதான் வழக்கமான தப்பு.

குதிரையின் உயரத்தைத் தந்தி இழுப்பில் இருக்கும்போது மாற்றக் கூடாது. இரண்டு தூண்களையும் அப்படித் திருகினால் கத்திமுனை உரசி மழுங்கும். மழுங்கிய முனை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வந்து உட்காரும். அப்புறம் எந்தச் செட்டிங்கும் நிற்காது.

மார்த்தாண்டத்திலிருந்து:

துலாக்குதிரை பிள்ளைகளுக்கு உடனே பிடித்தது. ‘பூட்டுத் துலா’ என்று சுருக்கியும்விட்டார்கள். எங்கள் பக்கத்து வேலைக்கு, ஞாயிறு ஆராதனையும் இடையில் ஒரு கன்வென்ஷனும், எதைச் சொல்வது? எல்லோர் கையிலும் இருப்பது ஆறு ஸ்குரு ஸ்ட்ராட் வகை. ஃபிளாய்ட் மாற்றலாமா என்று கேட்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

மாற்ற வேண்டாம் தம்பி. பூட்டுத் துலாவின் தூண்களுக்கு நடுவே சுமார் 74 மி.மீ. ஆறு ஸ்குரு வகையில் கடைசி ஸ்குருவுக்குக் கடைசி ஸ்குரு 56.4. பழைய துளையை அடைத்து, புதிதாகத் துளைத்து, குழியை அகலப்படுத்தி, நட் இடத்தையும் செதுக்க வேண்டும். அந்தக் கூலிக்கு முதலிலேயே அது பொருத்திய கிட்டாரைப் பார்க்கலாம்.

இருக்கிற குதிரையைப் படியவைக்கச் சொல்லுங்கள். கிளா ஸ்குருக்களை இறுக்கித் தகடு உடலில் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் இறுக்கினால், தந்தியை வளைத்தாலும் எழும்பாது. மூன்று ஸ்பிரிங் போதவில்லை என்றால் ஐந்தும் போடலாம். சுருதி கீழே மட்டும்தான் போகும், மேலே போகாது. ஆனால் தந்தி அறுந்தாலும் பாட்டு ஓடும். குவயருக்கு அது போதும். மேலேயும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவனுக்கு, ஃபெண்டர் சொல்லும் அளவு, தகட்டின் பின்பக்கம் உடலிலிருந்து 3.2 மி.மீ. இடைவெளி.

ஆறு ஸ்குருவையும் அடிவரை இறுக்குவது இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிற கேடு. தகடு சாய இடமில்லாமல் ஸ்குருத் தலைகளில் முட்டும். ஓரத்து இரண்டு ஸ்குருக்கள் மட்டும் சுமக்கட்டும். நடு நான்கைத் தகடு தட்டாத அளவுக்கு உயர்த்திவிடுங்கள்.

மாற்றுக் குதிரை வாங்குகிறவர்கள் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது. 56.4 மி.மீ. மாதிரியும் உண்டு, 52.5 மாதிரியும் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஸ்குருவின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து:

எண்ணெய் பற்றியும் ஒரு வரி போடுங்கள். குமரிக் கடற்கரையில் உப்புக்காற்று, இங்கே சாரல். இரண்டு இடத்திலும் சேடிலின் சிறு ஸ்குருக்கள் துருவேறி இறுகிவிடுகின்றன. ஆலன் கீ வழுக்கி ஸ்குருத் தலை போனபின் அழுது பயனில்லை. தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு மரையில் வைத்தால் போதும். வீட்டில் கைக்குக் கிடைக்கும் தேங்காயெண்ணெய் கூடாது. அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். நட் பள்ளத்துக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் கரியைத் தேய்த்தால் தந்தி வழுக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். காலர் என்ற இன்னொரு வகை நம் இரண்டு பெட்டியிலும் அடங்காது. அதில் அடித்தகடு உடலோடு திருகி நிலையாக நிற்கிறது. தந்தி முனைகளைப் பிடித்திருக்கும் கேம் என்ற துண்டு மட்டும் சுழல்கிறது, தந்திகள் உருளைச் சேடிலின் மேல் ஓடுகின்றன. கத்திமுனையே கிடையாது.

பாலக்காட்டிலிருந்து:

அசைவது தந்தி முனையைப் பிடித்திருக்கும் இடம் என்றால் அது அசைபாசம்தானே? குதிரையும் பாசமும் ஒரே தகட்டில் இருப்பதால் பெட்டி மாறாது. பூட்டுநட்டோடு வந்தால் ‘பூட்டு’ என்ற அடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

சரி. சுருதியசைவி, நிலைக்குதிரை, அசைகுதிரை, துலாக்குதிரை, அசைபாசம் என்று தாளில் ஏற்றுகிறேன். முதல் இடத்தில் பக்கத்திலேயே பேச்சுவழக்குப் பெயரும் இருக்கும், கடையில் கேட்க அதுதான் உதவும். கிளாவுக்கு இன்னும் சொல் இல்லை. ‘நகப்பிடி’ என்று ஒரு பையன் சொன்னான். அண்ணாச்சி ஒப்புக்கொண்டால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும்.

நாகர்கோவிலிலிருந்து:

நகப்பிடி நன்று. அதற்குப் போகும் எர்த் வயரைப் படத்தில் விட்டுவிடாதே. ஸ்பிரிங் மாற்றும் அவசரத்தில் அந்தப் பற்றவைப்பு விட்டுப்போனால், தந்தியைத் தொடும்போதும் ஆம்பில் இரைச்சல் அடங்காது. பிள்ளைகள் பிக்கப்பைச் சந்தேகப்பட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.