அலையாத்தி ஆய்வை அதிகாரி மேசைக்குக் கொண்டுபோவது எப்படி?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் (கடலோரச் சதுப்புநிலக் காடு) மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்கள் சில இடங்களில் தூர்ந்துவிட்டன. ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) ஏறாமல் மண்ணில் உப்பு பூத்து, வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்றுகள் நுனியிலிருந்து கருகுகின்றன. மண்ணின் உப்பளவு பற்றி ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில், அவற்றில் பாதியும் காசு கட்டினால்தான் திறக்கும். தூர்வாரும் பட்டியல் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிவாகிவிடும். ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழாக்கி அதிகாரிகளிடம் கொடுத்தோம், "பார்க்கலாம்" என்றார்கள். குறைதீர் கூட்டத்தில் வரைபடத்தோடு பேசினோம், அப்புறம் ஆய்வாளருக்கே மின்னஞ்சல் போட்டோம், இன்னொரு நீளமான பிடிஎஃப் வந்தது, அவ்வளவுதான். அதிகாரி கேட்பதோ எந்த வாய்க்கால், எவ்வளவு ஆழம், என்ன செலவு. நியாயம்தான். ஆய்வை அப்படி ஒரே பக்கமாக்கிக் கோப்பில் ஏற்றவைத்தவர்கள் யாராவது உங்கள் மாதிரிப் பக்கத்தைப் பகிர முடியுமா?