பரிசு முழுப்பேரா, அரைப்பேரா?

பொகவந்தலாவைப் பிள்ளை:

கெம்பஸில் பரிசு, உதவித்தொகை வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். எனக்குப் பரிசு கிடைத்தது கிரேக்க, ரோமப் பாடத்துக்கு. சிரிக்க வேண்டாம்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கலைப்பிரிவில் போனேன். நேரசூசி ஒன்றோடொன்று இடித்ததில் மூன்றாவது பாடமாக வந்து மாட்டியதுதான் மேலைத்தேயச் செந்நெறிப் பண்பாடு, அந்தக் கிரேக்க, ரோமப் பாடம். ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா கேட்டார்: "அத படிச்சி என்னா வேல கெடைக்கும்?" எனக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த வகுப்பில் கேட்ட ஒரு கதையை அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். ரோமில் கிளாடியஸ் சக்கரவர்த்தி ஆண்ட காலம். செங்கடலில் வரி வசூலிக்கும் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் அரேபியக் கரையோரம் கப்பலில் போகும்போது காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் வந்து ஒதுங்குகிறான். இலங்கையைத் தப்ரபேன் என்பார்கள். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை இங்கிருந்த அரசன் நிறுத்துப் பார்க்கிறான். ஒவ்வொரு காசிலும் வேறு வேறு ஆளின் தலை, ஆனால் நிறை மட்டும் ஒன்றே. இவ்வளவு நேர்மையான ஆட்களா என்று வியந்து, ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பிவைக்கிறான். பிளினி என்கிற ரோம எழுத்தாளர் எழுதிவைத்த கதை இது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தராசு சரியா இருந்திச்சின்னா அது பெரிய விசயந்தான்" என்றார். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கொழுந்தில் கிலோ வெட்டுவதைத் தினமும் பார்க்கிறவர். எங்கள் விரிவுரையாளர் அரை மணி நேரம் விளக்கியது அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

சரி, பரிசுக்கு வருகிறேன். இரண்டாம் வருஷம் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழைய மாணவர் ஒருவரின் நினைவாகக் கட்டுரைப் பரிசு, 7500 ரூபா. ஒரு மாதம் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. வகுப்பில் பதினோரு பேர், ஒருவரும் எழுதவில்லை. அதெல்லாம் கொழும்பில் இங்கிலிஷ் ஸ்கூலில் படித்தவர்களுக்கு என்று நானும் கடந்து போனேன். கடைசி வாரத்தில் மிஸ் என்னை நிறுத்தி, "நீர் ஏன் எழுதேல்ல?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு லத்தீன் தெரியாதே மிஸ் என்றேன். "உமக்குத் தமிழ் தெரியும்தானே?"

அந்தக் கேள்வி வரும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர், அதாவது கிரேக்க, ரோம வணிகர்களின் கப்பல் பேரியாற்று நுரை கலங்க, சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிப் போகிறது. ஏ.எல்.லுக்குத் தமிழ் படித்தபோது மனப்பாடம் செய்த வரிகள். அதே முசிறியையும் அதே மிளகையும் எரித்திரியக் கடல் வழிகாட்டி என்கிற கிரேக்கக் கையேடும் சொல்கிறது. கப்பலில் வந்தவன் பக்கத்தை மற்றவர்களைப் போல நானும் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். கரையில் நின்று பார்த்தவன் பக்கத்தை மூலத்திலேயே படிக்கிற ஆள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். ஹோலில், அதாவது விடுதியில் லைட் அணைத்த பிறகு போன் வெளிச்சத்தில் ஆறு இரவுகள் எழுதினேன்.

முடிவு வந்தபோது பரிசை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மற்றப் பாதி எங்கள் வகுப்பில் படிக்கும் ஹாமுதுருவுக்கு, அதாவது பௌத்த பிக்குவுக்கு. அவர் பாலி படித்தவர். மெனாண்டர் என்கிற கிரேக்க அரசன் நாகசேன தேரரிடம் கேள்வி கேட்கும் மிலிந்த பஞ்ஹா என்கிற பாலி நூலை வைத்து எழுதியிருந்தார். கடைசி நாளில் அவரையும் மிஸ்தான் பிடித்து எழுத வைத்தாராம்.

வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். 3750 ரூபா என்றதும் அம்மா கேட்டார்: "அப்ப இது அரைப்பேரா?"

பதுளைக்காரன்:

அரைப்பேர் என்றதும் சிரித்துவிட்டேன். தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக: சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அன்று பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர்.

எனக்கு அதுகூட விழவில்லை. முதல் வருஷம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஓர் உதவித்தொகைக்குப் போட்டேன். அப்பாவின் செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) இலக்கம், சம்பளக் கடிதம், கிராம சேவகர் கையெழுத்து, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தல். சம்பளக் கடிதத்துக்கு மட்டும் அம்மா நான்கு நாள் வேலையை விட்டுவிட்டுத் தோட்ட ஆபீஸ் வாசலில் நின்றார். நான்கு பேர், அதாவது நான்கு நாள் சம்பளம் போனது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதம் அதே ஆபீஸ் மேசையில் பதினெட்டு நாள் கிடந்திருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான் போகும், யாராவது ஞாபகம் வந்தால் கொடுத்தனுப்புவார்கள். என் கைக்கு வந்தபோது திகதி போய் ஐந்து நாள்.

அடுத்த வருஷம் விண்ணப்பத்தில் லய இலக்கத்தைப் போடவில்லை. அப்பா கடனுக்குச் சாமான் எடுக்கும் டவுன் கடையின் விலாசத்தைப் போட்டேன். முதலாளியே போன் எடுத்து, "தம்பி, கடுதாசி வந்திருக்கு" என்றார். கிடைத்தது. முதல் தவணையில் அவர் கடையில் இருந்த அப்பாவின் கடன் கொஞ்சம் அடைந்ததும் உண்மை.

மாத்தளை ஓய்வு ஆசிரியர்:

பிள்ளைகளே, பிரித்துத் தந்தார்கள் என்று குறைப்பட வேண்டாம். தகுதியானவர் இல்லை என்று பரிசே கொடுக்காமல் விட்ட வருஷங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிப் பரிசுகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒருமுறை வங்கியில் போட்டுவைத்த முதலின் வட்டியில் ஓடுபவை. போட்ட காலத்தில் ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் வாங்கப் போதுமான தொகை. விலைவாசி ஏற ஏற, பரிசின் பெயர் மட்டும் அப்படியே நிற்கும்.

கேம்பிரிட்ஜில் போர்சன் பரிசு என்று ஒன்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. ஷேக்ஸ்பியரில் ஒரு பகுதியைக் கொடுத்து, கிரேக்க யாப்பில் செய்யுளாக்கச் சொல்வார்கள். நான் மாணவனாக இருந்தபோது இதைக் கேட்டு, வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். பிறகு முப்பது வருஷம் தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு வெண்பாவில் தளை தட்டாமல் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

பொகவந்தலாவைப் பிள்ளை:

நன்றி சேர். பதுளை அண்ணாவுக்கு: எங்கள் தோட்டத்திலும் இதே கதைதான். நான் இப்போது தங்கச்சியின் விண்ணப்பங்களுக்கெல்லாம் டிக்கோயாவில் இருக்கிற மாமாவின் விலாசத்தைப் போடுகிறேன்.

காசு என்ன ஆனது என்று கேட்பீர்கள். காசோலையாகத் தந்தார்கள். கையில் வைத்து மாற்ற முடியாது, கணக்கில்தான் போட வேண்டும். மஹாபொல என்கிற பல்கலைக்கழக உதவித்தொகைக் காசுக்காகத் திறந்த கணக்கு இருந்ததால் தப்பினேன். போட்டோகொப்பிக் கடைக் கடன் 1400, ஒரு குடை, மிச்சம் வீட்டுக்கு. ஹாமுதுரு தன் பாதியைக் கொண்டுபோய் அதே போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து, கிரேக்க எழுத்துப் பயிற்சித் தாள்களைப் பதினோரு பேருக்கும் அடித்துக்கொண்டு வந்தார்.

அம்மாவிடம் அதையும் சொன்னேன். "சாமிக்கும் அரைப்பேர்தான் போட்டாங்களா?" என்றார்.