மஸ்கடே, அல்பரீன்யோ: இரண்டையும் குடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அரைக்கிளாஸ்
போன வாரம் வரைக்கும் இவை இரண்டும் எனக்கு ஒன்றுதான். இரண்டும் அட்லாண்டிக் கரை ஒயின், இரண்டும் வெள்ளை, இனிப்பே கிடையாது, இரண்டையும் மீன், சிப்பியோடு குடி என்பார்கள். மஸ்கடே பிரான்ஸில் நாந்த் நகரத்தைச் சுற்றி விளைவது. அல்பரீன்யோ ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில். சனிக்கிழமை இரண்டு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி மனைவியிடம் கொடுத்து, எது எதுவென்று சொல்லாமல் ஊற்றச் சொன்னேன். தோற்றுப்போனேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்ததில் இரண்டுமே சில்லென்ற எலுமிச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தன. அப்புறம் ஏதோ பேச்சு வளர்ந்து, கிளாஸை மறந்து, அரைமணி நேரம் கழித்துத் தொட்டால் இரண்டும் வேறு வேறு ஆள். ஒன்றில் பீச் பழத்தோல் வாசனையும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வரும் கசப்பும். மற்றதில் பழமே இல்லை. காய்வெட்டான பச்சை ஆப்பிளின் புளிப்பு, அதற்குப் பின்னால் பொங்கி வந்த ரொட்டி மாவு வாசனை, நாக்கு நுனியில் ஒரு சுருக். காகிதத்தைப் பிரித்தால் அதுதான் மஸ்கடே. அந்தச் சுருக் எதனால் வருகிறது, யாருக்காவது தெரியுமா?

பாரிஸ் குசினி
அண்ணை, அது கரியமில வாயு. பாட்டிலில் ‘சுர் லீ’ என்று எழுதியிருக்கும் பாருங்கள். மண்டி மேலேயே கிடந்தது என்று அர்த்தம். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் தங்கும். மற்ற இடங்களில் ஒயினை மேலாக வடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். இவர்கள் குளிர்காலம் முழுக்க அந்த மண்டி மேலேயே விட்டு, அப்படியே பாட்டிலில் அடைக்கிறார்கள். இடையில் மாற்றாததால் கரைந்த வாயு கொஞ்சம் உள்ளேயே நின்றுவிடும். நீங்கள் சொன்ன ரொட்டி மாவு வாசனையும் அந்த மண்டி கொடுத்ததுதான்.

நான் 11 வருடமாக இங்கே குசினி வேலை. டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எங்களுக்குச் சிப்பி வாரம்தான். இடது கையில் தடித்த துணி சுற்றி, சிப்பியைக் குழிந்த பக்கம் கீழே வைத்து, கத்தி நுனியைப் பக்கவாட்டில் நுழைத்து, மேலோட்டோடு ஒட்டியிருக்கும் தசையை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கடல் தண்ணீர் சிந்தக் கூடாது. சிந்தினால் செஃப் பார்க்கிற பார்வையே போதும். முதல் வருடம் கத்தி வழுக்கிப் பெருவிரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்டு உட்காரவைத்து, ஒரு சிப்பியும் அரைக்கிளாஸ் மஸ்கடேயும் கொடுத்தார்கள். அதுவரை எனக்கு வைன் என்றால் புளிச்ச தண்ணீர். சிப்பியின் உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு அதன் மேல் குடித்தபோதுதான், இது தனியாகக் குடிக்கிற சாமான் இல்லை, எலுமிச்சை பிழிகிற இடத்தில் ஊற்றுகிற சாமான் என்று விளங்கியது.

பெயரைப் பார்த்து இனிப்பான மஸ்காட் ஒயின் என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மஸ்கடே திராட்சையின் பெயர் மெலோன் ட பூர்கோன்ய், பூர்வீகம் பர்கண்டி. 1709 குளிர்காலத்தில் நாந்த் பக்கத்துக் கொடிகள் உறைந்து செத்த பிறகு, குளிர் தாங்கும் என்று இதைப் பெருவாரியாக நட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே ஒயின் வாங்கிய டச்சு வியாபாரிகளுக்கு வேண்டியது பிராந்தி காய்ச்சி வடிக்க வெள்ளை ஒயின், ருசியா முக்கியம்?

நங்கூரம்
நான் அல்பரீன்யோ கட்சி. கார் ஏற்றும் கப்பலில் வேலை பார்த்தபோது கலீசியாவின் விகோ துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். துறைமுகத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் பெஸ்கதேரியா என்று ஒரு சின்னத் தெரு, சிப்பித் தெரு என்றால்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல் மேடையில் பெண்கள் சிப்பி உடைத்துத் தட்டில் அடுக்கித் தருவார்கள். தட்டோடு பக்கத்துக் கடை மேசையில் உட்கார்ந்தால் ஒயின் தனியாக வரும். எனக்கு வந்த அல்பரீன்யோ முதல் மிடறில் இனிக்கிறது என்றே நினைத்தேன். வாசனைதான் அப்படி ஏமாற்றுகிறது, வாயில் சர்க்கரை இல்லை. விழுங்கிய பிறகு உதட்டில் உப்புக் காற்று பட்ட மாதிரி ஒன்று நின்றது. அது கடலோர மண்ணின் உப்பு என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. என் உதட்டில் ஏற்கெனவே கப்பல் உப்பு இருந்தது, வேறென்ன.

அடுத்த தடவை ஒருநாள் விடுப்பு கிடைத்துக் கம்படோஸ் வரை பஸ்ஸில் போனேன். ரியாஸ் பைஷாஸ் என்ற ஒயின் வட்டாரத்தில் இதுதான் அல்பரீன்யோ ஊர். 1953-லிருந்து ஆகஸ்டில் அல்பரீன்யோ திருவிழா நடத்துகிறார்கள். நான் போனது மார்ச், நல்ல மழை. அங்கே கொடியைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் புடலைப் பந்தல் ஞாபகம் வந்துவிட்டது. ஆளுயரக் கருங்கல் தூண், மேலே கம்பி, அதில் படர்ந்த திராட்சை, அடியில் சில வீடுகளில் முட்டைக்கோஸ்கூடப் போட்டிருக்கிறார்கள். அத்தனை மழையில் கொடி தரையோடு இருந்தால் பூஞ்சணம் தின்றுவிடும், உயரத்தில் இருந்தால் அடியில் காற்று ஓடும். தோல் தடித்த ரகம் என்பதால் தாக்குப்பிடிக்கிறது.

கசப்பு
மஸ்கடேக்கு ஏன் இத்தனை பாராட்டு என்று புரியவில்லை. நான் குடித்ததெல்லாம் பல் கூசும் தண்ணீர்.

பாரிஸ் குசினி
சூப்பர்மார்க்கெட்டில் ஆக மலிவானதை எடுத்திருப்பீர்கள். கிளிசோன் என்று ஊர்ப் பெயர் போட்டது கிடைத்தால் பாருங்கள். கிளிசோன், கொர்ஜ், லெ பலே என்ற மூன்று ஊர்களுக்கும் 2011-ல் தனி அங்கீகாரம் கிடைத்தது. அவர்கள் மாதக் கணக்கில் விடுவதில்லை, வருடக் கணக்கில் மண்டி மேல் விடுகிறார்கள். அது வேறு சாமான், கொஞ்சம் கனம். உண்மையைச் சொன்னால் எனக்குச் சிப்பிக்குச் சாதாரணமானதுதான் பிடிக்கும்.

அடிலெய்டு
இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய அல்பரீன்யோ என்று லேபிள் பார்த்து இரண்டு மூன்று வருடம் விரும்பி வாங்கினேன், வீட்டுக்கு வருகிறவர்களிடம் கலீசியா, கடல்காற்று என்று பிரசங்கம் வேறு. 2009-ல் மரபணுச் சோதனையில் வந்தது, இங்கே அந்தப் பெயரில் நட்டிருந்தது சவஞா என்ற வேறு ரகமாம். ஸ்பெயினிலிருந்து வந்த கன்றிலேயே ஆள் மாறாட்டம். விவசாயிகள் பாவம், லேபிளை மாற்ற வேண்டியதாகிவிட்டது. நான் பீச் வாசனை அடிக்கிறது என்று சத்தியம் பண்ணியதை நண்பர்கள் இன்றுவரை விடவில்லை.

அரைக்கிளாஸ்
சிரித்து மாளவில்லை. சரி, ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை மீதி மஸ்கடேயை மத்தி மீன் குழம்போடு குடித்தேன், சகிக்கவில்லை. குழம்பு கெட்டதா, ஒயினா?

பாரிஸ் குசினி
இரண்டும் கெட்டது அண்ணை. பழப்புளியும் மிளகாயும் இருக்கிற கறிக்குப் பக்கத்தில் மஸ்கடே வெறும் புளிப்பாகிவிடும். மீனைப் பொரியுங்கள், மிளகாய்த்தூளைக் குறைத்துத் தேசிக்காய் பிழிந்து. அதற்கு அல்பரீன்யோ சேரும், நங்கூரம் ஐயா சந்தோஷப்படட்டும். கடையில் சிப்பி வாங்கினால் வாய் இறுக மூடியிருக்கிறதா பாருங்கள். லேசாகத் திறந்திருந்து, தட்டியும் மூடாவிட்டால் வீசிவிடுங்கள். துணி சுற்ற மறக்க வேண்டாம், என் பெருவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.