கண்டனூர் பெரிய வீட்டுக் குழு: இலை எத்தனை?

மெய்யப்பன்: ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் சாந்தி கல்யாணத்துக்கு இலை எத்தனை என்று சமையல்காரர் காலையிலிருந்து கேட்கிறார். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, எத்தனை பேர் என்று இன்று இரவுக்குள் போடுங்கள்.

மீனாள்: எங்கள் வீட்டில் ஐந்து.

சோமு: சென்னையிலிருந்து நான்கு. ஆறும் ஆகலாம். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று விஞ்ஞானமே சொல்கிறது, சித்தப்பா. நிச்சயமின்மைத் தத்துவம்.

வள்ளி: சோமு அண்ணன், அது அப்படிச் சொல்லவில்லை. திங்கட்கிழமை இந்தப் பாடத்தைத்தான் நடத்தப் போகிறேன், அதனால் விட மனமில்லை. நீங்கள் நான்கு பேரா ஆறு பேரா என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இலையில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும். 1927-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்னது வேறு. எலக்ட்ரானுக்குத் துல்லியமான இடமும் துல்லியமான உந்தமும் ஒருசேர அமைவதே இல்லை. உந்தம் என்றால் நிறையை வேகத்தால் பெருக்கியது. ஒன்றை இறுக்கினால் மற்றது விரியும். இரண்டின் பரவலையும் பெருக்கினால் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது என்று அதே ஆண்டு கென்னார்ட் என்ற இயற்பியலாளர் நிறுவினார்.

மீனாள்: நீ எத்தனை பேர்?

வள்ளி: மூன்று, அத்தை.

முத்து: நாங்கள் படித்தது வேறு, வள்ளி. எலக்ட்ரானைப் பார்க்க ஒளி பாய்ச்ச வேண்டும். ஒளி பட்டதும் அது நகர்ந்துவிடும். அதனால் தெரியாது.

வள்ளி: ஹைசன்பர்க்கும் முதலில் காமாக் கதிர் நுண்ணோக்கி என்று அதைத்தான் எடுத்துக்காட்டினார். அந்த விளக்கத்தில் இருந்த குறையை நீல்ஸ் போர் (Bohr) என்ற இயற்பியலாளர் சுட்டிக்காட்டினார். யாரும் தொடாவிட்டாலும் அந்தப் பரவல் இருக்கும்.

மீனாள்: ஆத்தா கேட்கச் சொன்னார்கள்: மேளம் யார்? போன முறை மாதிரி பாதியில் எழுந்து போகிறவர் வேண்டாமாம்.

மெய்யப்பன்: அவர் இல்லை. தேவகோட்டை ஆள்.

வள்ளி: அப்பத்தா நல்ல நேரத்தில் மேளத்தை எடுத்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்து ஒரே சட்ஜமத்தை நீளமாகப் பிடிக்கும்போது சுருதி தெளிவாகக் கேட்கும். ஆனால் அந்த ஒலி எந்தக் கணத்தில் என்று கேட்டால் பதில் இல்லை, நெடுகிலும் இருக்கிறது. அதையே கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகமிகக் குறுக்கி வெட்டினால் கணம் தெரியும், சுருதி போய்விடும். வெறும் ‘டக்’. காதின் குறை அல்ல அது. அந்தத் துணுக்கில் ஒரே சுருதி இல்லவே இல்லை. எலக்ட்ரானும் அலைதான். அலைநீளம்தான் அதன் உந்தத்தைச் சொல்லும். குறுகிய இடத்தில் அடைபட்ட அலைக்கு ஒரே அலைநீளம் எப்படி இருக்கும்?

முத்து: இது புரிகிறது.

சோமு: முகப்பில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு ஏன் இது தெரிவதில்லை?

வள்ளி: இரண்டு பரவலின் பெருக்கல் கீழே இறங்காது என்றேனே, அந்த அளவு அவ்வளவு சிறியது, அண்ணன். ஜூல்-நொடி என்ற அலகில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 34 பூஜ்யங்கள், அப்புறம்தான் 5. ஆனால் எலக்ட்ரானை ஓர் அணு அளவுக்குள், மீட்டரில் 1000 கோடியில் ஒரு பங்குக்குள் அடைத்துப் பாருங்கள். வேகத்தின் பரவல் குறைந்தது நொடிக்குச் சுமார் 580 கிலோமீட்டர்! அடைக்க அடைக்கத் துள்ளும். அணுக்கரு இழுத்தும் அது உள்ளே விழுந்துவிடாததற்குக் காரணம் இதுதான். நம் வீட்டுத் தேக்குத் தூண் சுருங்கிப்போகாமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

மீனாள்: தூண் என்றதும் நினைவு வருகிறது. இரண்டாம் கட்டுச் சாவி யாரிடம்?

மெய்யப்பன்: பெரியண்ணனிடம்.

மீனாள்: ஐயா படைப்பின்போதும் இதையேதான் சொன்னீர்கள், அண்ணன்.

மெய்யப்பன்: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், மீனாள்.

முத்து: கந்தரப்பம் உண்டா?

மெய்யப்பன்: உண்டு. வெள்ளைப் பணியாரமும் சொல்லியிருக்கிறேன். 180 இலை போடச் சொல்லட்டுமா?

மீனாள்: 200. அப்புறம் பந்தியில் இலை தேடக் கூடாது.

வள்ளி: சோமு அண்ணன், நான்கா, ஆறா?

சோமு: பெரிய கார் கிடைத்தால் ஆறு.